நாடக வேந்தனும் அவன் உடையும்

நம் கல்லூரித் தமிழ் மன்றத்தார் ஆண்டு விழாவின்பொருட்டுச் சோழர் கால நாடகம் ஒன்றனை நடிக்கத் துணிந்தபோது, பாட்டுக்கு ஒருவரும் காட்சித் திரைக்கு ஒருவரும் விளக்குக்கு ஒருவருமாகப் பொறுப்புக்களைப் பகுத்துக்கொண்டனர். எஞ்சி நின்ற உடைப் பொறுப்பு எம் சிறு குழுவின் தலைமேல் விழுந்தது. அதனை யாம் மிக எளிதென்றே எண்ணினோம். நாடக உடைகளை வாடகைக்கு ஈயும் கடையொன்று நகரத்தில் உண்டு. அங்குச் சென்று அளவு கூறி மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டால் வேலை தீர்ந்தது என்பதே எம் கருத்து. கடைக்காரர் எம்மை நோக்கி, "எந்த நாடகம்?" என்று வினவினாரல்லர், "எத்தனை ராஜா, எத்தனை மந்திரி, எத்தனை சேவகர்?" என்றே வினவினார். பின்னர் நீல மக்மலில் முழங்கால்வரை தைத்த நெடுஞ்சட்டையொன்றை எடுத்து விரித்தார். தோள்களில் பஞ்சு அடைத்திருந்தது; மார்பெங்கும் ஜிகினாவும் கண்ணாடிச் சில்லும் மின்னின. அதனுடன் வந்த முடியைக் கண்டவுடன் எம்முள் ஒருவர் வாய்விட்டு நகைத்தார். என்னை? முந்திய டிசம்பரில் நம் கல்லூரிக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோதின் தலைமேல் இருந்த முடி அதுவே. இடப்பக்கத்தில் உதிர்ந்திருந்த ஒரு கண்ணாடி மணியே அதற்குச் சான்று.

ஏரோதுக்கும் அரிச்சந்திரனுக்கும் இராசராசனுக்கும் ஒரே முடியும் ஒரே சட்டையும் பொருந்துமாயின், அழைப்பிதழில் 'வரலாற்று நாடகம்' என்று அச்சிடுவது எற்றுக்கு என்னும் வினா அன்று மாலையே எழுந்தது. அவ்வினாவுக்கு விடை தேடி யாம் அலைந்த அலைச்சலும், கண்ட சான்றுகளும், செய்த பிழைகளும், பின்வரும் ஆண்டுகளில் இப்பொறுப்பை ஏற்கும் மாணவர்க்குப் பயன்படக்கூடும் எனக் கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண், மக்மல் சட்டையை இகழ்தல் எம் நோக்கமன்று என்பதைக் கூறிவிடுகின்றோம். அதற்கும் ஒரு குலமுறை உண்டு. விசயநகர வேந்தர் தம் அரசவையில் 'கபாயி' என்னும் நெடுஞ்சட்டையும் 'குல்லாயி' என்னும் உயர்ந்த கூம்புத் தொப்பியும் அணிந்தனர். அவ்விரு சொற்களும் அரபு, பாரசீக மொழிகளின் வழிவந்தவை. நாம் இன்று குல்லா என்று வழங்கும் சொல் அதன் உறவே. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இலேபாட்சிக் கோயில் ஓவியங்களில் அச்சட்டையையும் தொப்பியையும் அணிந்த பெருமக்களை வரிசை வரிசையாகக் காணலாம். அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் விசயநகரத்துக்கு வந்த பேயஸ் என்னும் போர்ச்சுகீசியர், கிருட்டிணதேவராயர் பொன்னிழையால் பூவேலை செய்த வெள்ளாடையும், கழுத்தில் வைர அணியும், தலையில் சரிகைத் தொப்பியும் அணிந்திருந்ததாக எழுதியுள்ளார். ஆனால் அதே வேந்தர் தம் தேவியர் இருவருடன் திருமலைக் கோயிலில் செப்புருவாகக் கைகூப்பி நிற்குமிடத்தில், தொப்பி உண்டு, சட்டை இல்லை. அவைக்கு ஓர் உடை, ஆண்டவன் திருமுன்னர் ஓர் உடை என்னும் வேறுபாடு அன்று இருந்தமை இதனாற் பெறப்படும். நாடக உடை அமைப்போர் மறவாது குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி இது: ஓர் அரசனுக்கு உடை ஒன்றன்று.

அவ்வவைச் சட்டை பிற்பாடு தஞ்சை மராத்திய மன்னர் காலத்தில் (1676-1855) வேறு வேறு வெட்டுக்களைப் பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகச் சென்று காட்டிய மக்மலும் சரிகையும் அதனோடு கலந்தன. 1894ஆம் ஆண்டு தொடங்கிய இரவிவர்மரின் கல்லச்சுக் கூடத்திலிருந்து வெளிவந்த படங்கள் வீட்டுச் சுவர்தோறும் ஏறின. தேவரும் அரசரும் இவ்வாறே இருந்தனர் என்று மக்கள் மனத்தில் அவை பதிந்தன. ஆகவே வாடகைக் கடையின் சட்டை பல அரசவைகளும் பல அரங்குகளும் கூடிப் பெற்ற பிள்ளை. சரபோசி மன்னரைப் பற்றிய நாடகமாயின் அதன் உறவினர் எவரையேனும் தாராளமாக அழைக்கலாம். இராசராசனோ கி.பி. 985 முதல் 1014 வரை அரசாண்டவன். அவனுக்கு ஐந்நூறு ஆண்டுகட்குப் பின் பிறந்த சட்டையை அவன் தோளில் ஏற்றுவது எங்ஙனம்?

தெருக்கூத்தின் உடை வேறு நெறியினது. கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்திற் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடியும் பதித்த முடியும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் வரலாற்றைக் காட்ட எழுந்தவை அல்ல. மனிதனை மனிதனினும் பெரியவனாகக் காட்ட எழுந்தவை. எண்ணெய் விளக்கின் அசையும் ஒளியில் அக்கண்ணாடிச் சில்லுகள் செய்யும் வேலையை அறிந்தவர் அவற்றைக் குறைகூறார். எம் நாடகம் கூத்தன்று. ஆதலின் அவ்வழியை விடுத்தோம்.

நிற்க. இராசராசன் காலத்து உடையை அறிதற்கு உள்ள சான்றுகள் யாவை? தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கருவறையைச் சூழ்ந்த உள்வழியில், நாயக்கர் காலத்து ஓவியப் பூச்சின்கீழ்ச் சோழர் ஓவியங்கள் மறைந்து கிடந்தன. அவற்றை 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய அக்கோயிலின் ஓவியங்கள் நம் நாடகத்தின் காலத்தையே சேர்ந்தவை. சுந்தரர் யானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் கயிலை ஏகும் காட்சி, முப்புரம் எரித்த காட்சி, தில்லைக் கூத்தனை அரச குடும்பத்தார் வணங்கும் காட்சி ஆகியவை அங்குள. முதியவர் ஒருவரும் இளையவர் ஒருவருமாக உள்ள பகுதியைக் கருவூர்த்தேவரும் இராசராசனும் என்று பலர் கூறுவர், மறுப்பாரும் உளர். எவராயினும் ஆகுக, ஆடவர் மேலுடம்பில் தைத்த துணி இல்லை. குழல் வாரி முடிந்த கொண்டையும், கழுத்திலும் கையிலும் அணிகளும், இடையிற் கட்டிய ஆடையுமே அவ்வரசக் கோலம்.

செப்புத் திருமேனிகள் இன்னும் விளக்கமானவை. தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ள திருவெண்காட்டு இடபவாகனரின் காலம் கி.பி. 1011 என்பது கல்வெட்டால் அறியப்படும். குறுக இறுக்கிக் கட்டிய அரையாடை, தலையைச் சுற்றிப் பாகைபோல் முறுக்கிய சடை, அதில் இழைந்த பாம்பு, ஏறு ஒன்றன்மேல் சாய்ந்தது போன்ற கை. அத்திருமேனியின் முன் நின்று எம் குழுவிலிருந்த ஓவிய மாணவர் ஒரு முழுப் பகற்பொழுது கழித்தார். கோட்டுப்படம் வரைவோர் முன்புறத்தோடு நின்றுவிடக் கூடாது. பின்னாலும் சென்று காணவேண்டும். ஆடையின் முடிச்சு எங்குப் போடப்பட்டது, தொங்கல் எங்கிருந்து தொடங்குகின்றது என்பனவெல்லாம் முதுகுப் புறத்திலேயே விளங்கும். முன்புறத்துப் படங்களை மட்டும் பார்த்து ஆடை கட்டினால், நடிகன் திரும்பியவுடன் சோழநாடு மறைந்து துணிக்கடை தோன்றும்.

அரசரை விடுத்துப் பொதுமக்களை நாடுவார்க்குத் தாராசுரமே பெரும் புதையல். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுத்த அக்கோயிலின் சுவரடியில், நாயன்மார் வரலாறுகள் ஒரு சாண் அளவுச் சிறு சிற்பங்களாகத் தொடர்ந்து செல்கின்றன. குயவரும் வண்ணாரும் மீன்பிடிப்போரும் வேடரும் அங்கு உளர். எம் நாடகத்தின் கூட்டக் காட்சிக்கு வேண்டிய பதினான்கு பேருக்கும் அச்சிற்பங்களே வழிகாட்டின.

இலக்கியம் கூறுவதோ ஒரு வியப்பு. தமிழர்க்குத் தைத்த சட்டை தெரியாததன்று. துகில், கலிங்கம், அறுவை என்று ஆடைக்குப் பல பெயர் வழங்கியது போலவே சட்டைக்கும் மெய்ப்பை, கஞ்சுகம் என்னும் பெயர்கள் வழங்கின. ஆயினும் அதனை அணிந்தோர் யார் என்று பார்க்கவேண்டும். முல்லைப்பாட்டில் மெய்ப்பை அணிந்து வருவோர் பாசறையைக் காக்கும் யவனர். சிலப்பதிகாரத்தில் கஞ்சுகம் அணிந்து வருவோர் அரசன் ஏவல் கேட்போர். புறநானூற்றின் 189ஆம் பாட்டில் நக்கீரனார், உலகாளும் வேந்தனுக்கும் வேட்டையாடும் எளியவனுக்கும் உடுப்பவை இரண்டே என்னும் கருத்தைக் கூறுகின்றார். சட்டை காவலனுக்கும் அயலானுக்கும் உரியது. வேந்தனுக்கு உரியவை இரண்டு துணிகள். நம் அரங்கத்தில் இம்முறை தலைகீழாகிவிட்டது! வேந்தன் சட்டை அணிகின்றான். காவலன் வெற்று மார்போடு ஈட்டி பிடித்து நிற்கின்றான்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக் கடற்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, இந்நாட்டில் சட்டை வெட்டித் தைக்கும் தையற்காரரே இலர் என்று எழுதினார். அரசனும் மற்றையோர் போல இடையில் ஒரு துணியே உடுத்தான் என்பது அவர் கூற்று. ஆனால் அத்துணிக்குமேல் அவன் அணிந்த மணிகளைச் சொல்லிச் சொல்லி அவர் மாய்கின்றார். கழுத்தில் மாணிக்கமும் நீலமும் மரகதமும் பதித்த அணி; பட்டு நூலிற் கோத்த 104 பெருமுத்தும் மாணிக்கமும்; கைகளிலும் கால்களிலும் பொன் வளையம்; கால்விரல்களிலும் அணி. இதனைப் படித்தபின்னரே எமக்கு உண்மை புலனாயிற்று. அரசனுக்கும் ஆண்டிக்கும் உள்ள வேறுபாடு துணியின் அளவில் இல்லை. துணியின் நொய்ம்மையிலும் அணியின் நிறையிலும் உள்ளது. போலோ இராசராசனுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு பிற்பட்டவர் என்பதை மறந்தோமல்லோம். எனினும் ஓவியமும் செப்புருவமும் சொன்னதையே அவரும் சொல்லுதலின் அவர் சான்றைக் கொண்டோம்.

சான்றுகளை நம்புதற்கும் ஓர் எல்லை உண்டு. செப்புத் திருமேனிகள் தெய்வங்களைக் காட்டுவன, மாந்தரை அல்ல. கல்லிற் செதுக்குவோன் மெல்லிய ஆடையை இரண்டு கோடுகளாற் குறித்துவிட்டுப் போவான். அக்கோடுகளைக் காணாதார் ஆடையே இல்லை என்பர். சுண்ணச் சுவரில் நிலைத்து நிற்கும் வண்ணங்கள் சிலவே. ஆகவே சுவரில் உள்ள நிறம் எல்லாம் துணியில் இருந்த நிறம் என்று கொள்ளுதலும், சுவரில் இல்லாத நிறம் துணியிலும் இல்லை என்று தள்ளுதலும் பிழை. இவ்விடைவெளிகளிலேதான் அமைப்பாளன் தன் கற்பனையைச் செலுத்தவேண்டும். சான்று பேசும் இடத்தில் அவன் வாய் திறத்தல் ஆகாது.

இனி, துணி திரட்டியதைக் கூறுவாம். மதுரைப் புதுமண்டபம் நெடுங்காலம் தையற்காரர் இருப்பிடமாக விளங்கியது. திருமலை நாயக்கர் (1623-1659) வசந்த விழாவுக்காக எடுத்த அம்மண்டபத்தில், நாயக்க மன்னரின் ஆளுயரச் சிலைகள் வெற்று மார்போடு கைகூப்பி நிற்க, அவற்றின் காலடியில் தையல் இயந்திரங்கள் கடகடவென்று நாடகச் சட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்த காட்சியைப் பழைய மாணவர் பலர் கண்டிருப்பர். அக்கடைகள் இப்பொழுது அங்கிருந்து அகற்றப்பட்டுவிட்டன. யாம் தேடியதோ தைத்த துணியன்று, தையாத துணி. எட்டு முழ வேட்டிகளும், வெளுக்காத காடாத் துணியும், மல் துணியும் கைத்தறிக் கடைகளில் வாங்கினோம். கரைக்கு மட்டும், கிழிந்து ஒதுக்கிய பட்டுப் புடவைகளை ஆசிரியர் இல்லங்களிற் கேட்டுப் பெற்றோம். உடல் நைந்த புடவையிலும் சரிகைக் கரை உறுதியாக இருக்கும். அதனை அறுத்து வேட்டியின் ஓரத்தில் இழையோட்டினால், முப்பது அடிக்கு அப்பால் இருப்போர் அதனைப் பொற்கரை என்றே காண்பர்.

நிறத்திற்கு ஒரு விதி வகுத்துக்கொண்டோம். சாயவேர் தரும் சிவப்பு, அவுரி தரும் நீலம், மஞ்சளும் கடுக்காயும் தரும் பொன்மை, கடுக்காயோடு இரும்பு சேர்ந்து தரும் கருமை ஆகிய இவற்றுக்குள் அடங்காத நிறம் எதுவும் மேடை ஏறலாகாது. கடையிற் கிடைக்கும் பொட்டலச் சாயத்தையே பயன்படுத்தினோமாயினும், கண்ணைப் பறிக்கும் ஊதாவையும் இளஞ்சிவப்பையும் நீக்கினோம். செயற்கைச் சாயம் உலகில் தோன்றியதே 1856ஆம் ஆண்டில்தான். வெள்ளைத் துணி விளக்கொளியில் பனிக்கட்டிபோல் வெறித்து நடிகன் முகத்தை மறைக்கும். ஆதலின் வேட்டிகளைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து உலர்த்தினோம். விடுதிச் சமையற்காரர் தம் பெரிய அண்டாவைத் தந்துதவினார். மறுநாட் காலை அவ்வண்டாவில் கொதித்த பாலின் நிறத்தைப் பற்றி மாணவர் கூறியவற்றை ஈண்டு எழுதாது விடுகின்றோம்.

அணிகலன்களே எம் உழைப்பின் பெரும்பகுதியை உண்டன. பெருவுடையார் கோயிற் கல்வெட்டுக்களில் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையாரும் பிறரும் கொடுத்த அணிகள் ஒன்றுவிடாமல் எழுதப்பட்டுள்ளன. திருப்பட்டம், ஏகாவல்லி, பாசமாலை, வடுகவாளி, சூடகம், பாதசாயலம் என்று பெயர் வரும்; எத்தனை முத்து, எத்தனை வயிரம் என்று எண் வரும்; கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று நிறை வரும். பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும், மணியணிகளைத் 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல்லாலும் நிறுத்தனர். நிறையில் அரக்கும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது என்னும் குறிப்பைக் கண்டபோது எமக்கு ஆறுதல் பிறந்தது. பேரரசன் கொடுத்த அணிக்குள்ளும் அரக்கு இருந்ததெனின், எம் அணிக்குள் காகிதம் இருத்தல் பெருங்குற்றமன்று.

காகிதக் கூழை, நம் மூதாட்டியர் கூடை மெழுகும் முறையிலேயே, ஊறிய வெந்தயம் சேர்த்து அரைத்தோம். புளியங்கொட்டைப் பசையை நூலகத்தில் நூற்கட்டும் பெரியவர் காய்ச்சித் தந்தார். பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் சேர்க்கும் முறையையும், அது நஞ்சாதலின் கையைக் கழுவாமல் உணவைத் தொடலாகாது என்பதையும் அவரே கற்பித்தார். தஞ்சைப் பகுதிக் குளங்களில் வளரும் நெட்டியை வாங்கிச் சீவி, தோள்வளைக்கும் அரைப்பட்டிகையின் சிங்கமுகத்துக்கும் பயன்படுத்தினோம். இறகினும் சிறிதே கனமுள்ள அப்பொருள் கத்திக்கு வெண்ணெய்போல் இசையும். மாணிக்கத்துக்கு மஞ்சாடி விதைகளையே பதித்தோம். ஒருகாலத்தில் மணிகளை நிறுத்த விதை, எம்மிடத்தில் தானே மணியாயிற்று. குன்றிமணியைத் துளைத்துக் கோக்கலாம் என்றார் ஒருவர். அதன் உட்பருப்புக் கொடிய நஞ்சாதலின் தடுத்துவிட்டோம்.

முடியில் மட்டும் தோற்றோம். தஞ்சாவூர்ப் படங்களில் சுக்கான் மாவையும் பசையையும் குழைத்துப் புடைப்பு வேலை செய்து, அதன்மேல் பொற்றகடு ஒட்டுவர். அம்முறையைப் பின்பற்றி, அட்டையாற் செய்த முடிமேல் பூவேலை செய்தோம். மிக அழகாக அமைந்தது. ஒத்திகையில் அரசனாக நடித்தவர் அதனை அணிந்து தலை நிமிர்ந்தபோது, அட்டை வளைந்தது, சுக்கான் வளையவில்லை. சடசடவென்று பூவெல்லாம் அவர் மடியில் உதிர்ந்தன. பலகைக்கு ஏற்றது அட்டைக்கு ஏலாது என்பதைப் பத்து நாள் உழைப்பை இழந்து கற்றோம். பின்னர்ச் சணற்கயிற்றையே வளைத்து ஒட்டி, அதன்மேல் பசை தடவிப் பொன்வண்ணம் பூசினோம். அம்முடியையும் முடிசூட்டுக் காட்சிக்கு மட்டுமே வைத்துக்கொண்டு, ஏனைக் காட்சிகளில் ஓவியத்திற் கண்டபடி கொண்டையோடு விட்டோம். கொண்டைக்குக் கடை டோப்பாவை வாங்காது, கறுப்புச் சாயமிட்ட சணலைச் சவுரிபோல் முறுக்கிக்கொண்டோம்.

இவ்வளவும் செய்தபின், அரசனாக நடிக்கும் மாணவர் வெற்று மார்போடு மேடையேற நாணினார். மெலிந்த உடலினர், தம் விலாவெலும்பை எண்ணிவிடுவர் என்று அஞ்சினார். இரண்டாம் துணியாகிய மேலாடையை இடத்தோளில் மடித்துப் போட்டு, அகன்ற கழுத்தணியும் வயிற்றில் உதரபந்தமும் கட்டியபின் அவர் அச்சம் பாதி தீர்ந்தது. மீதியைத் தீர்த்தது பழக்கமே. பத்து நாள் அவ்வுடையோடு நடக்கவும் படியேறவும் அரியணையில் அமரவும் செய்தோம். கட்டிய ஆடை தைத்த ஆடையைப் போன்றதன்று. உடல் அதனைத் தாங்கக் கற்கவேண்டும்.

பெண்பாலார் உடையில் எழுந்த சிக்கலோ பழக்கத்தால் தீர்வதன்று. சோழர் சிற்பங்களில் அரசியும் தோழியும் மேலுடம்பில் துணியின்றியோ, கச்சு ஒன்று மட்டும் கட்டியோ காணப்படுவர். திருமகள் கச்சு அணிந்தும் நிலமகள் அணியாதும் இருத்தல் அக்காலத் திருமேனிகளில் மரபு. மேடையில் அதனை அப்படியே காட்டல் இயலாது என்பதில் ஐயமில்லை. ஆகவே யாம் ஓர் ஏற்பாடு எழுதினோம்: அரசிக்குக் கச்சும் மேலாடையும், தோழிக்குத் தோள் தெரியக் கட்டிய ஒற்றை ஆடை. பணிமகள் என்பது கண்டவுடன் விளங்கவேண்டும் என்பதே எம் எண்ணம். அதனை நல்ல அமைப்பு என்றும் தம்முள் பாராட்டிக்கொண்டோம்.

தோழியாக நடிக்கவிருந்த மாணவி அத்தாளைப் படித்துவிட்டு, "ஐயா, இதை நான் உடுத்த மாட்டேன்" என்றார். நாணத்தாற் கூறுகின்றார் என்று எண்ணி, ஒரு துணி கூடுதலாகத் தருவதாகச் சொன்னோம். அவர் தலையசைத்தார். "கூடுதல் துணி கேட்கவில்லை, ஐயா. ராணிக்கு மேல்துணி உண்டு, வேலைக்காரிக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். எங்கள் ஊரில் என் பாட்டியின் பாட்டி இதற்காக அடிபட்டவள்" என்றார். அவர் நாஞ்சில் நாட்டுப் பக்கத்தினர். திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்டிர் மேலாடை அணிதலைத் தடுத்து, அணிந்தாரின் துணியைத் தெருவிற் கிழித்த கொடுமையும், மிஷன் பள்ளிகளைச் சார்ந்தோர் குப்பாயம் அணியத் தொடங்கியபோது மூண்ட கலகங்களும், 1859ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் வெளியான அரசாணையும் நாம் வரலாற்று வகுப்பில் கற்பிப்பனவே. அவ்வாணையும், மேல்வகுப்பார் அணியும் முறையில் அணிதல் கூடாது என்னும் தடையோடுதான் வந்தது. கற்பித்த யாம் அதனை எம் தாளிற் காணத் தவறினோம்.

மீண்டும் சான்றுகளை எடுத்துப் பார்த்தோம். பார்த்தால், எம் ஏற்பாட்டுக்கு அவற்றில் ஆதாரமே இல்லை! அரசிக்கு ஒரு மறைப்பும் தோழிக்கு ஒரு திறப்பும் அங்கு இல்லை; இருவரும் ஒரு முறையிலேயே உடுத்துள்ளனர். வேறுபாடு அணியின் எண்ணிக்கையில் மட்டுமே தோன்றுகின்றது. பிற்காலத்து ஒரு நாட்டின் வழக்கத்தை எம் மனத்திலிருந்து எடுத்துச் சோழர் தலையில் ஏற்றிவிட்டு, அதற்கு வரலாறு என்று பெயரிட்டிருந்தோம். மக்மல் சட்டைக்கு நகைத்த எமக்கு இஃது எத்துணை நாணத்தைத் தந்தது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. தாளைக் கிழித்துவிட்டு, பெண்பாலார் அனைவர்க்கும் ஒரே முறையில் கச்சும் மேலாடையும் வகுத்தோம். அரசியினது மெல்லிய மல், தோழியினது காடா. அரசிக்கு ஏழு அணி. தோழிக்குக் காதில் ஓலைத்தோடும் கையில் சங்குவளையும். அம்மேலாடை சோழர் காலத்துச் சிற்பத்தின்படி அமைந்ததன்று, எம் காலத்திற்காகச் சேர்த்தது என்பதை நிகழ்ச்சித் தாளில் ஒரு வரியாக அச்சிட்டோம்.

வாடகைக் கடையின் நீலச் சட்டையையும் யாம் முற்றும் துறந்தோமல்லோம். நாடகத்தில் அரபு நாட்டுக் குதிரை வணிகன் ஒருவன் வருகின்றான். கடல்கடந்து வந்த குதிரைகளை நம் வேந்தர் பெரும்பொருள் கொடுத்து வாங்கியது வரலாறு. முல்லைப்பாட்டுக் காட்டிய நெறிப்படி தைத்த சட்டை அயலானுக்கு உரியதாதலின், தோட்பஞ்சையும் ஜிகினாவையும் கடைக்காரர் இசைவோடு பிரித்துவிட்டு அச்சட்டையை அவனுக்கு அணிவித்தோம்.

விழா இரவு வந்தது. இரண்டாம் காட்சியில் குதிரை வணிகன் நீல மக்மலோடு மேடையில் அடிவைத்தவுடன் அரங்கமெங்கும் கைதட்டல் எழுந்தது. அவனே சோழ மன்னன் என்று அவையோர் கருதிவிட்டனர்! அவனுக்குப் பின்னர் இரண்டு துணியோடு வந்த இராசராசனை ஓரிருவர் கோயிற் பூசகர் என்று நினைத்ததாகப் பிற்பாடு அறிந்தோம். பழைய மாணவர் ஒருவர் எம்மிடம் வந்து, "உங்கள் ராஜா மிகவும் ஏழையாக இருக்கிறாரே" என்று வருந்தினார். 1973ஆம் ஆண்டில் வெளிவந்த 'இராசராச சோழன்' திரைப்படத்தை இளமையிற் கண்டு மகிழ்ந்தவர் அவர். பட்டும் முடியும் இன்றி அப்பெயரை அவரால் எண்ண இயலவில்லை. மாணவரோ 2022ஆம் ஆண்டுப் 'பொன்னியின் செல்வன்' படத்தைக் கைப்பேசியிற் காட்டி, கவசம் எங்கே என்று கேட்டனர். எனினும் மூன்றாம் காட்சியில், கோயிற் கற்பணி முற்றிய செய்தி கேட்டு மன்னன் தன் மேலாடையைத் தோளினின்றும் எடுத்து இடையிற் கட்டிக்கொண்டு கைகூப்பியபோது, அவை அடங்கிற்று. அச்செயலைச் சட்டை அணிந்தவன் செய்தல் இயலாது. அதனை யாம் முன்னரே திட்டமிட்டதாகச் சிலர் பாராட்டினர். இல்லை, நடித்த மாணவர் அன்றிரவு தாமாகச் செய்தது அது.

உடைகள் வெளுத்து மடித்துப் பெட்டியில் வைக்கப்பட்டுள்ளன. பூச்சிக்கு வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் இட்டுள்ளோம். சணல் முடி அலமாரியின் மேல்தட்டில் உள்ளது; நெட்டி அணிகளின்மேல் பாரம் எதுவும் வைத்தல் கூடாது. நீலச் சட்டையைத் தோட்பஞ்சைத் திரும்ப வைத்துத் தைத்துக் கடைக்காரரிடம் சேர்ப்பித்தோம். வரும் ஆண்டில் திருமலை நாயக்கரைப் பற்றிய நாடகம் என்று மன்றத்தார் பேசிக்கொள்கின்றனர். அதற்கு இப்பெட்டியிலுள்ளவற்றில் கூட்டக் காட்சிக் காடாத் துணியன்றி வேறொன்றும் உதவாது. எம் ஓவிய மாணவர் அளவு நாடாவோடு புதுமண்டபத்துக்குச் சென்று சிலையைப் பின்புறத்திலிருந்தும் வரைந்துகொண்டு வந்துவிட்டார். அம்மன்னரின் வயிற்றுக்கு ஏற்ற மாணவரைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றனர்.